ஏட்டய்யாவின் மலையாளம்

அத்தியாயம் ஒன்பது

விடியற்காலையில் ஆவுடையம்மாளுக்கு ஒரு கனவு வந்தது. நசீபா அவள் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். வாய் ஓயாமல் பேசுகிறாள். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. "சத்தமாப் பேசு நசீபா" என்று ஆவுடை கெஞ்சுகிறாள். அவளோ சிரித்துக்கொண்டே உரிக்கிறாள். வெங்காயமும் குறைந்தபாடில்லை.

கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே மட்டாஞ்சேரியைக் காணோம். காயலில் இருந்து ஏறி வந்த பனி எதிர்வீட்டு ஓடு, தெருக்குழாய், கொடியில் காய்ந்த வேட்டி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டிருந்தது. பஜார் பக்கத்துச் சுக்கு வாசனை மட்டும் வழி தெரிந்து வந்து சேர்ந்தது. படகுத்துறையில் முதல் போட்டு ஊதியது. இன்னும் கனவுதானோ என்று ஆவுடை கொஞ்ச நேரம் அசையாமல் படுத்திருந்தாள். எழுந்தால் நசீபா போய்விடுவாளே!

"பேரெந்தாடா?"

அடுத்த அறையிலிருந்து ஓர் அதட்டல். ஆவுடைக்குத் தூக்கம் சுத்தமாகப் போயிற்று. வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் நின்று ஓட்டுக் கேட்டுப் பழகுகிறார்.

போன வாரம் பத்திரிகை கிடைக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சங்கரலிங்கம் கொச்சி ராஜாவின் காலத்தில் போலீசில் சேர்ந்து, திருக்கொச்சியில் ஏட்டாகி, கேரளத்தில் பென்ஷன் வாங்கியவர். அரசாங்கம் மாறிக்கொண்டே இருந்தது. அவர் தலையில் இருந்த கூர்த்தொப்பி மாறவில்லை. இப்போது முனிசிபல் தேர்தலில் வார்டுக்குச் சுயேச்சையாக நிற்கிறார். நிற்கவைத்தவர் மிளகும் சுக்குமாக மலைச்சரக்குக் கிடங்கு வைத்திருக்கும் முதலாளி செல்லதுரை. "நேர்மையான ஏட்டு" என்பதுதான் பிரசாரம். 'வார்டு பிரதிநிதி' என்று சுவரில் மலையாளத்தில் எழுதியதில், பருவம் தப்பிப் பெய்த மழை 'நிதி'யைக் கரைத்துக்கொண்டு போக, மிச்சம் நின்ற 'பிரதி'யைப் பார்த்து ஊரே சிரித்தது. மலையாளத்தில் பிரதி என்றால் கேசில் குற்றம் சாட்டப்பட்டவன். அந்தச் சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்த கதையோடு நிறுத்தியிருந்தோம்.

ஆவுடை எழுந்து போய் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். மகள் மாயம்மாள் அப்பாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள்.

"அப்பா, 'டா' வேண்டாம். 'சேட்டா, ஒரு வோட்டு தரணம்'. எங்க, சொல்லுங்க."

"சேட்டா, ஒரு வோட்டு..." தொண்டையைக் கனைத்தார். "எடுக்கெடா!"

"ஐயோ அப்பா! ஓட்டு கேக்கணும், பறிமுதல் பண்ணக் கூடாது."

ஆவுடை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவம், மனுஷனைச் சொல்லியும் குற்றமில்லை. அவருடைய மலையாளம், காக்கிச் சட்டையோடும் லத்தியோடும் சேர்த்து ஸ்டேஷனில் கொடுத்தது. வா, நில், உட்கார், உண்மையைச் சொல், நேற்று ராத்திரி எங்கே இருந்தாய்... இதற்கு மேல் அந்த பாஷையில் அவருக்கு ஒன்றும் தேவைப்பட்டதில்லை. சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பாஷையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வீட்டில் தமிழ் பேசும்போது எவ்வளவு மெதுவான ஆள் தெரியுமா? ஆவுடையை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார், திருநெல்வேலி வழக்கம். ஏட்டுக்கு வாய்த்த ஏட்டி என்று தெருவில் கேலி பண்ணுவார்கள். அந்தக் கேலியை முதலில் கிளப்பிவிட்டவளே நசீபாதான்.

"இன்னைக்குச் சாக்குக்காரச் சந்துப்பா" என்றாள் மாயம்மாள்.

சங்கரலிங்கத்தின் கை துண்டைத் தேடியது. "அந்தச் சந்தை விட்ரலாம்."

"அதெப்படி? செல்லதுரை முதலாளி ஆள் கணக்குப் போட்டுட்டார். அந்தச் சந்து ஓட்டு விழலேன்னா நாம ஜெயிக்க மாட்டோம். அங்க பெண்ணுங்க எல்லாரும் நசீபாம்மா கிட்டத்தான் ரவிக்கை தைக்கக் குடுக்கறாங்க. அவங்க சொன்னா சொன்னதுதான்."

அந்தப் பெயர் அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்லப்பட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"நானும் வாரேன்" என்றாள் ஆவுடை.

அப்பாவும் மகளும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை நாள் பிரசாரத்தில் ஒரு தெருவுக்கும் அவள் போனதில்லை.

ஒரு காலத்தில் ஆவுடையும் நசீபாவும் இருந்த இருப்பு ஊருக்கே தெரியும். இவள் திருநெல்வேலிப் பக்கம், அவள் பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண். இந்த ஊரில் சத்தமாகத் தமிழ் பேசிச் சிரிக்க இவளுக்கு அவள், அவளுக்கு இவள். நசீபாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. வாரப் பத்திரிகை வந்தால் ஆவுடை தொடர்கதையை உரக்க வாசிப்பாள். அவள் கேட்டுவிட்டுக் கதாநாயகியைத் திட்டுவாள். பிறகு ஒருநாள் செல்லதுரை முதலாளியின் கிடங்கில் மிளகு மூட்டைகள் களவு போயின. நசீபாவின் வீட்டுக்காரர் தாவூது பக்கத்தில் சாக்குக்கடை வைத்திருந்தார். சங்கரலிங்கம்தான் போய் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கேஸ் நிற்கவில்லை, கோர்ட்டு விட்டுவிட்டது. ஆனாலும் கள்ளன் கடையில் யார் சாக்கு வாங்குவார்கள்? தாவூது பாலக்காட்டுக்கு, தம்பியிடம் போய்விட்டார். பெருநாளுக்கு மட்டும் வருவார், அதுவும் பின்சந்து வழியாக.

அன்றோடு நசீபா பேச்சை நிறுத்தினாள். எதிரில் வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு போவாள். ஆவுடைக்கு அது தாங்கவில்லை. நல்லது கெட்டது எது நடந்தாலும் நசீபாவிடம் சொல்ல வேண்டும் என்று வாய் ஊறும். பிறகு ஞாபகம் வரும். இந்தத் தேர்தலில் ஏட்டய்யா ஜெயித்தாலும் தோற்றாலும் அவளுக்கு ஒன்றுதான். அவளுக்கு வேண்டியது நசீபாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை.

பனி விலகுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். ஆவுடைக்குத் தரையில் கால் பாவுகிறதா என்றே சந்தேகமாயிருந்தது. வழியில் ஆட்கள் பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்தார்கள், ஏட்டைப் பார்த்ததும் திடீரென்று மறைந்தார்கள். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் தலைக்கட்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஞான் ஒன்னும் செய்தில்ல ஏட்டே" என்றார். சங்கரலிங்கம் கை கூப்பினார். கூப்பிய கையைப் பார்த்து அந்த ஆளுக்குப் பயம் இன்னும் கூடிப்போயிற்று.

அடுத்த வீட்டில் ஒரு பெண்பிள்ளை, "அவரு இவிடெ இல்ல" என்றாள். கட்டிலுக்கு அடியில் யாரோ தும்மினார்கள்.

"சேட்டனோடு பறயணம்..." என்று சங்கரலிங்கம் பாடத்தை ஒப்பித்தார், "...ஓட்டு நமக்கு."

பரவாயில்லையே! மாயம்மாள் அம்மாவைப் பார்த்துக் கண் சிமிட்டினாள்.

பிறகு அந்தக் கதவு வந்தது. பச்சை வர்ணம் உதிர்ந்த கதவு. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். சங்கரலிங்கம் விரல் முட்டியால் தட்டினார். தட்டியது வேட்பாளர் இல்லை, ஏட்டுதான். உள்ளே மெஷின் சட்டென்று நின்றது. அந்த மௌனத்தில் அவருக்கே அது புரிந்திருக்க வேண்டும். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நசீபா கதவைத் திறந்தாள். முக்காட்டுக்கு வெளியே நரை தெரிந்தது. கழுத்தில் அளவு டேப். ஆவுடை அவளைக் கண்ணால் குடித்தாள். எவ்வளவு இளைத்துவிட்டாள்!

சங்கரலிங்கம் படித்த பாடத்தை எல்லாம் விட்டுவிட்டார். தமிழிலேயே பேசினார், தணிந்த குரலில், வீட்டுக்குள் பேசுகிற தமிழில்.

"தங்கச்சி... ஓட்டுக் கேட்டு வந்திருக்கேன். அன்னைக்கு நடந்தது நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதம்மா."

நசீபா அவரை நேராகப் பார்த்தாள். பிறகு, கோர்ட்டில் பேசுகிற மாதிரி நல்ல மலையாளத்தில் சொன்னாள்:

"ஸாறே, எனிக்கு தமிழ் அறிஞ்ஞுகூடா."

தனக்குத் தமிழ் தெரியாதாம்! நசீபாவுக்கா? சங்கரலிங்கத்தின் முகம் செத்துப்போயிற்று. திரும்பி நடந்தார். மாயம்மாள் நோட்டீஸ் கட்டோடு அவர் பின்னால் ஓடினாள். ஆவுடை மட்டும் நகரவில்லை. நகரச் சொல்லிக் காலிடம் கேட்டுப் பார்த்தாள், அது கேட்கவில்லை.

"நீ போகலையா?" என்றாள் நசீபா.

தமிழ்! ஆவுடைக்குக் கண் நிறைந்துவிட்டது. திட்டினாலும் சரி, இந்தக் குரல் திட்டட்டும் என்றிருந்தது.

"அவருக்கு வேணும்தான் நசீபா. ஆனா இப்படியா அடிப்பே?"

"நான் எங்கே அடிச்சேன்? அக்கா, அன்னைக்கு எங்க ஊட்டுக்காரரு இதே படியில நின்னு தமிழ்லதான் கூப்பிட்டாரு. 'அண்ணே, நான் இல்லண்ணே, உங்களுக்குத் தெரியாதா'ன்னு. உன் கையால எத்தனை வேளை சாப்பிட்ட மனுஷன்! உங்க ஆளு என்ன சொன்னாரு? 'கள்ளா, நடக்கெடா'. சந்து பூரா நின்னு கேட்டுச்சு. அன்னைக்கு அவருக்குத் தமிழ் மறந்துபோச்சு, இன்னைக்கு எனக்கு மறந்துபோச்சு."

"அதான் வந்து கேட்டுட்டாரேடி."

"தமிழ்ல! காதோட!" நசீபா டேப்பை உருவி விரலில் சுற்றினாள். "கள்ளன்னு சொன்னது மலையாளத்துல, ஊர் கேக்க. இல்லேன்னு சொல்றதை மட்டும் என் காதுல குசுகுசுன்னு சொல்லிட்டுப் போவாராக்கும்? சாயங்காலம் ஜங்ஷன்ல மைக்கு வக்கிறாங்கல்ல, அதுல சொல்லட்டும். அதே பாஷையில சொல்லட்டும். எங்க ஊட்டுக்காரரு முன்பக்கத் தெரு வழியா நடந்து வரணும் அக்கா, வேறொண்ணும் வேண்டாம் எனக்கு."

"சொன்னா?"

நசீபா கதவில் கை வைத்தாள். "சொன்னா நானே உன் வீட்டுக்கு வாரேன். சொல்லலேன்னா நீயும் இந்தப் பக்கம் வராதே."

கதவு சாத்திக்கொண்டது. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

மத்தியானம் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் ஆறிக் கிடந்தன. ஆவுடை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். மாயம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மா, புரிஞ்சுதான் பேசறீங்களா? நேர்மையான ஏட்டுன்னு நோட்டீஸ் அடிச்சிருக்கோம். அப்பாவே மைக்குல ஏறி, நிரபராதியைப் பிடிச்சேன்னு சொன்னா யார் ஓட்டுப் போடுவா? செல்லதுரை முதலாளி பக்கத்துலயே உக்காந்திருப்பார். அவர் கிடங்கு கேசு அது!"

"அதுதான்" என்றார் சங்கரலிங்கம். கப்பையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஓட்டு போனாப் போகுது" என்றாள் ஆவுடை. இவ்வளவு துணிச்சலாகப் பேசுவது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். "எனக்கு இந்த ஊர்ல ஒரே ஒருத்திதான் இருந்தா. அவளை நீங்க கைவிலங்கு போட்டுக் கொண்டுபோயிட்டீங்க."

மாயம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பனி விலகின வெயில் கூரையின் கண்ணாடி ஓடு வழியாக இறங்கிச் சங்கரலிங்கத்தின் வழுக்கையில் விழுந்தது. பிறகு, எங்கேயோ தூரத்திலிருந்து பேசுகிற மாதிரி கேட்டார்.

"ஏட்டி, மலையாளத்துல மன்னிப்பு எப்படிக் கேக்கணும்?"

ஆவுடைக்குத் தூக்கிவாரிப்போட்டது. சர்வீஸ் முழுக்க இந்த மனுஷனுக்கு அந்த வார்த்தை ஒரு தடவைகூட வேண்டியிருந்ததில்லையே! அவளுக்குத் தெரியும். மீன்காரியிடம் சில்லறை குறைந்தால், போட்டில் யார் காலையாவது மிதித்தால், நாளுக்கு எத்தனையோ தடவை சொல்கிற வார்த்தை.

"க்ஷமிக்கணம்."

"க்ஷமிக்..." என்று ஆரம்பித்தார். நாக்கு எங்கோ இடறியது. "க்ஷமிக்கெடா!"

மன்னித்துத் தொலையடா என்று உத்தரவு போட்டுவிட்டார். ஆவுடை சிரித்தாள். சிரிப்பு அழுகையானது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மறுபடியும் 'டா'தான் வந்தது. சாயங்காலம் வரை கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் நின்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

பொழுது சாயும்போது ஜங்ஷனில் பெட்ரோமாக்ஸ் ஏற்றினார்கள். காயல் காற்று விளக்கை ஆட்ட, நிழல்களெல்லாம் சுவரில் நீளமாக ஆடின. மேடையில் செல்லதுரை முதலாளி சில்க் ஜிப்பாவில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சுமட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் சாயாக் கிளாசோடு நின்றார்கள். பெண்கள் ஒதுங்கி நின்ற ஓரத்தில் ஆவுடை நின்றாள்.

யாரோ பக்கத்தில் வந்து நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கலைந்துவிடுமோ என்று பயம். மெஷின் எண்ணெய் வாசனை வந்தது. நசீபாதான்.

சங்கரலிங்கம் மைக்குக்கு முன்னால் வந்தார். மாயம்மாள் சொல்லிக்கொடுத்த பிரசங்கத்தில் பாதி நன்றாகவே போயிற்று. தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணீர். ஜனங்கள் கை தட்டினார்கள். செல்லதுரை தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். ஆவுடைக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. சொல்ல மாட்டார். சாக்கடையோடு முடித்துவிடுவார்.

முடித்தார். உட்காரத் திரும்பினார். பிறகு நின்றார். மறுபடி வந்து மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தாவூது..." மைக் கீச்சென்று கத்தி ஓய்ந்தது. "சாக்குக்கடை தாவூது கள்ளனல்ல."

தமிழா, மலையாளமா? ஆவுடையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டிலும் அப்படித்தானே சொல்ல முடியும். ஜங்ஷனில் நின்ற அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. சாயாக் கிளாசுகள் அந்தரத்தில் நின்றன.

நசீபாவின் கை வந்து ஆவுடையின் கையைப் பற்றியது. ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். ஆவுடை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போதும். போதும், இறங்கி வாங்க என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

அவர் இறங்கவில்லை. அவருக்கு வராத வார்த்தை 'க்ஷமிக்கணம்' தொண்டையில் மாட்டிக்கொண்டு தவிப்பது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. அது வரவில்லை. அதற்குப் பதிலாக ஸ்டேஷன் மலையாளம் வந்தது. பிடிபட்டவன் கடைசியில் உண்மையைச் சொல்கிற மலையாளம். அதை மட்டும் அவர் நிறையக் கேட்டிருக்கிறாரே.

"எனிக்கு அன்னுதன்னெ அறியாமாயிருன்னு."

எனக்கு அன்றைக்கே தெரியும்!

மேடையில் செல்லதுரை எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "மைக்கை நிறுத்துடா!" என்று தமிழில் கத்தினார். யாரோ விசில் அடித்தார்கள். "அப்போ கட்டது யாரா ஏட்டே?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழும்பியது. திருடியது யார் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி ஒரு வாயிலிருந்து பல வாய்க்குத் தாவியது. மாயம்மாள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சங்கரலிங்கம் மைக்கை விடவில்லை.

ஆவுடைக்கு இதெல்லாம் எங்கோ தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருந்தது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: தன் கையைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துகொண்டிருந்தன.

"அக்கா" என்றாள் நசீபா. தமிழில்தான், மெதுவாகத்தான். "உனக்கும் தெரியுமா?"

ஐயோ, தெரியாதடி என்று ஆவுடை வாயெடுத்தாள். தாவூதைப் பிடித்துக்கொண்டு போன அந்த ராத்திரி, வீட்டுக்காரர் சோற்றைத் தொடாமலே கை கழுவிக்கொண்டு எழுந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா" என்றாள் நசீபா.